போர்முனைக்குச் சென்ற வைத்தியர்: துவாரகநாத் கொட்னிஸ்

புங்குடுதீவில் வளர்ந்தவர்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை வெறும் படகேறும் இடம் மட்டுமன்று. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒருவர் கடும் நோய்வாய்ப்பட்டு, அவரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டி வந்தால், கடற்பயணம் முடிந்து தரைப்பயணம் தொடங்கும் இடம் அதுவே. நெடுந்தீவிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன்பின் புங்குடுதீவு வீதி, கடலை ஊடறுத்துச் செல்லும் வாணர் பாலம், வேலணை, இறுதியாகப் பண்ணைப் பாலம். காற்றுக் கடுமையான நாட்களில் இந்த வழி இன்னும் நீளும். நோயாளியுடன் கூடச் செல்பவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தபடியே வருவார்கள். மூச்சு வருகிறதா, கை குளிர்கிறதா, இன்னும் எவ்வளவு தூரம் என்பவைதான் அப்போது அவர்கள் மனத்தில் ஓடும் கேள்விகள்.

நோய் தொடங்கிய இடத்துக்கும் வைத்தியசாலைக் கட்டிலுக்கும் இடைப்பட்ட இந்த நேரத்தில்தான் பல உயிர்கள் கைநழுவிப் போகின்றன. போர்க்களத்திலும், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி போன்ற அனர்த்தங்களிலும் இதே கதைதான். இந்த இடைவெளியைச் சுருக்க மனிதர்கள் நெடுங்காலமாகப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்குப் பணிபுரிந்த ருபைதா அவர்களைப் பற்றி நாம் வகுப்பறையில் படித்திருக்கிறோம். நமது காலத்துக்கு அண்மையில், நமது அயல்நாட்டில் பிறந்து, அதே பணியில் தம் உயிரையே கொடுத்த ஒருவரின் வரலாற்றை இங்கே பார்ப்போம். அவர் பெயர் துவாரகநாத் சாந்தாராம் கொட்னிஸ்.

சோலாப்பூர்ச் சிறுவன்

இந்தியாவின் மகாராஷ்டிரப் பகுதியில் சோலாப்பூர் என்றொரு நகர் உண்டு. துணி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி ஒரு நடுத்தரக் குடும்பத்தில் துவாரகநாத் பிறந்தார். சகோதரர்களும் சகோதரிகளுமாகப் பிள்ளைகள் பலர் இருந்த வீடு அது. பெரிய செல்வம் இல்லை. பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நிறைய இருந்தது.

துவாரகநாத் பம்பாயிலுள்ள ஜீ. எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அதை முடித்து, ஒரு நல்ல வைத்தியசாலையில் பதவி பெற்று, குடும்பத்தின் சுமையைக் குறைப்பது அவருக்கு முன்னே தெளிவாகத் தெரிந்த பாதை. ஒரு வைத்தியரை உருவாக்க நடுத்தரக் குடும்பம் ஒன்று எவ்வளவு செலவழிக்கிறது, எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது என்பது இதை வாசிக்கும் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பாதையை மாற்றியது 1938ஆம் ஆண்டில் வந்த ஓர் அழைப்பு.

சீனாவிலிருந்து வந்த வேண்டுகோள்

1937 ஜூலையில் யப்பான் சீனா மீது முழு அளவிலான போரைத் தொடுத்தது. நகரங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காகின. காயம்பட்டோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருகினர். அவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற வைத்தியர்கள் சீனாவில் மிகச் சிலரே இருந்தனர். மருந்து இல்லை, கருவிகள் இல்லை. சீனப் படைத்தளபதி சூ டே, ஜவகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி வைத்தியர்களை அனுப்பி உதவுமாறு கேட்டார். அப்போது இந்தியாவே பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த அடிமை நாடு. இருந்தும் அந்த வேண்டுகோளைத் தள்ளிவிட இந்தியத் தலைவர்களுக்கு மனம் வரவில்லை. காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் நாட்டு மக்களிடம் உதவி கோரினார். மக்கள் கொடுத்த பணம் 22,000 ரூபாவாகச் சேர்ந்தது. ஓர் அம்புலன்ஸ் வண்டியும் ஐந்து வைத்தியர்கள் கொண்ட ஒரு குழுவும் ஆயத்தமாகின.

குழுவின் தலைவர் அலகாபாத்தைச் சேர்ந்த டொக்டர் அடல். ஸ்பெயின் நாட்டின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் அவருக்கு இருந்தது. நாக்பூரிலிருந்து டொக்டர் சோல்கர், கல்கத்தாவிலிருந்து டொக்டர் பாசு, டொக்டர் முகர்ஜி ஆகியோர் சேர்ந்தனர். சோலாப்பூரிலிருந்து சேர்ந்தவர் கொட்னிஸ். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை.

கொட்னிஸ் வீட்டாருக்குச் சீனாவைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. பட்டுத்துணி விற்க வரும் சீன வியாபாரிகளைக் கண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மொழி தெரியாத தேசம். அங்கே போர் வேறு. அப்படிப்பட்ட இடத்துக்குப் படித்த பிள்ளையை அனுப்புவது எந்தக் குடும்பத்துக்கும் எளிதல்ல. ஆயினும் 1938 செப்ரெம்பர் 1ஆம் திகதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் கொட்னிஸ் இருந்தார்.

தந்தையின் மறைவு

செப்ரெம்பர் நடுப்பகுதியில் அவர்கள் கன்ரன் நகரை அடைந்தார்கள். சீனக் குடியரசின் தந்தை எனப் போற்றப்படும் சுன் யாட் சென்னின் துணைவியார் சொங் சிங்லிங் அம்மையார் அவர்களை வரவேற்றார். ஆனால் நிலைத்து நின்று பணியாற்ற நேரம் கிடைக்கவில்லை. யப்பானியப் படை முன்னேற முன்னேற வைத்தியக் குழுவும் நகர வேண்டியிருந்தது. ஒக்டோபர் மாதத்தில் கன்ரனும் வீழ்ந்தது, ஹாங்கோவும் வீழ்ந்தது. யாங்சி ஆற்று வழியே மேற்கே சென்று சுங்கிங் நகரை அடைந்தார்கள்.

சுங்கிங்கில் இருந்தபோதுதான் கொட்னிஸுக்கு ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தது. தந்தை காலமாகிவிட்டார். குடும்பத்தில் சகோதரிகள் இருக்கிறார்கள்; தாயார் இருக்கிறார். உடனே திரும்பிச் சென்றாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூட வந்தவர்களும் போய்வா என்றுதான் சொன்னார்கள். அவர் போகவில்லை. வந்த வேலையைத் தொடங்கக்கூட இல்லையே என்ற எண்ணம் அவரைத் தடுத்தது.

இந்த முடிவு சரியா, தவறா என்று வகுப்பில் விவாதித்தால் இரு பக்கமும் பேசலாம். பெற்றவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை ஒரு பக்கம். பெயர்கூடத் தெரியாத காயம்பட்டவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை மறு பக்கம். கொட்னிஸ் அந்தச் சுமையைச் சுமந்துகொண்டே இரண்டாவதைத் தேர்ந்தார். அந்தக் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரோடு சீனாவைக் குறிக்கும் ஹுவா என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். கொட்னிஸின் சீனப் பெயர் கே டிஹுவா. இன்றும் சீன மக்கள் அவரை அந்தப் பெயராலேயே அறிவர்.

கழுதை மேல் ஒரு வைத்தியசாலை

1939 பெப்ரவரியில் குழு வடமேற்குச் சீனாவின் யெனான் நகரை அடைந்தது. மலைச்சரிவுகளில் குடையப்பட்ட குகைகளே அங்கே வீடுகள், வைத்தியசாலையும் அப்படித்தான். சில மாதங்களில் சோல்கரும் முகர்ஜியும் நாடு திரும்பினர். எஞ்சிய மூவரும் அவ்வாண்டின் இறுதியில் போர்முனையை நோக்கிப் புறப்பட்டனர். பின்னர் உடல்நலம் குன்றி அடலும் திரும்ப நேர்ந்தது. பாசுவும் கொட்னிஸும் எஞ்சினர். 1940இல் பாசு யெனானுக்குத் திரும்ப, வட சீனப் போர்முனையில் கொட்னிஸ் தனியே தங்கினார்.

அவருக்கு முன் அந்த மலைப்பகுதியில் பணியாற்றியவர் நோர்மன் பெத்தியூன் என்னும் கனடா நாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியர். ஸ்பெயின் போரில் குருதியைப் போத்தல்களில் சேமித்து, வண்டியில் போர்முனைக்கே எடுத்துச் சென்று ஏற்றும் முறையை நடத்திக் காட்டியவர் அவர். காயம்பட்டவர் வைத்தியரைத் தேடி வரும்வரை காத்திருக்கலாகாது, வைத்தியர்தான் காயம்பட்டவரைத் தேடிப் போக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சீன மலைகளில் வண்டி ஓடாது. ஆகவே ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் ஒரு மருந்தகத்துக்கும் தேவையான பொருட்களை அடுக்கி, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிச் செல்லும் மரச்சட்டகம் ஒன்றை அவர் வடிவமைத்தார். நின்ற இடத்தில் இறக்கி விரித்தால் அதுவே சத்திரசிகிச்சைக் கூடம்.

1939 நவம்பர் 12ஆம் திகதி பெத்தியூன் இறந்தார். சிகிச்சையின்போது விரலில் ஏற்பட்ட சிறு வெட்டின் வழியே கிருமி புகுந்து குருதியில் பரவியது. கிருமிகொல்லி மருந்தான பெனிசிலின் மனிதர்களுக்குப் பயன்படும் காலம் அப்போது இன்னும் வரவில்லை. கொட்னிஸ் அந்தப் பகுதிக்கு வந்தபோது பெத்தியூனின் கல்லறையைத்தான் காண முடிந்தது. பெத்தியூன் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார்.

எழுபத்திரண்டு மணி நேரம்

1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட சீனாவில் பெரும் போர் மூண்டது. நூறு படைப்பிரிவுகளின் போர் என்று அதனைச் சீன வரலாறு கூறும். போர்முனையை ஒட்டி அமைக்கப்பட்ட சிகிச்சை நிலையத்துக்குக் கொட்னிஸ் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் 800க்கும் மேற்பட்ட காயக்காரர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் அரைவாசிக்கும் மேலானோருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. போர் உச்சத்தில் இருந்தபோது 72 மணி நேரம், அதாவது மூன்று பகலும் மூன்று இரவும், உறங்காமல் அவர் அறுவைப் பணியைச் செய்தார் என்பது சீனாவில் இன்றும் நினைவுகூரப்படும் செய்தி.

இதைச் சாதனை என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகக்கூடாது. அந்த 72 மணி நேரத்தில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் குருதிப்பெருக்கை நிறுத்த வேண்டும். அதே நேரம் இன்னொருவரின் நாடி குறைகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். மயக்க மருந்தின் அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். குறைந்தால் வலி தாங்காமல் நோயாளி துடிப்பார். மூன்றாமவருக்கு ஒட்சிசன் வேண்டும், ஆனால் ஒட்சிசன் இல்லை. எல்லாவற்றையும் கவனிப்பது சில சோடிக் கண்களும் கைகளும் மட்டுமே. அந்தக் கண்கள் சோர்ந்தால் யாரோ ஒருவர் கவனிக்கப்படாமல் இறப்பார். போர்முனை வைத்தியர் உறங்க அஞ்சுவதன் காரணம் இதுதான்.

ஆசிரியர், கணவர், தந்தை

கொட்னிஸ் சீன மொழியைக் கற்றுத் தேர்ந்தார். நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேசினார். பெத்தியூனின் பெயரால் அமைந்த மருத்துவப் பள்ளியில் சீன மொழியிலேயே பாடம் நடத்தினார். மாணவர்களுக்குப் பாடநூல் இல்லாத குறையைப் போக்கச் சத்திரசிகிச்சை பற்றி ஒரு நூலையும் எழுதினார். அதன் தொடர்ச்சியான அடுத்த நூலையும் எழுதத் தொடங்கினார். தான் ஒருவன் 72 மணி நேரம் விழித்திருப்பதைவிட, தன்னைப்போல் பலரைப் பயிற்றிவிடுவது மேல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1941 ஜனவரியில் பெத்தியூன் சர்வதேச சமாதான வைத்தியசாலையின் பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். பெயர் பெரிதானாலும் அது கிராமத்து வீடுகளில் இயங்கிய வைத்தியசாலை. யப்பானியப் படை நெருங்கினால் நோயாளிகளையும் பொருட்களையும் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்குச் செல்ல வேண்டும். மருந்துகள் முற்றுகையைக் கடந்து வர வேண்டும். உணவும் போதாது.

அந்த மருத்துவப் பள்ளியில் தாதியர் பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் குவோ சிங்லான். இருவருக்கும் 1941 நவம்பர் 25ஆம் திகதி திருமணம் நடந்தது. 1942 ஓகஸ்ட் 23ஆம் திகதி ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு யின்ஹுவா என்று பெயரிட்டார்கள். யின் என்றால் இந்தியா. ஹுவா என்றால் சீனா. இரண்டு நாடுகளையும் ஒரு குழந்தையின் பெயரில் சேர்த்து வைத்தார்கள்.

வைத்தியருக்கு வைத்தியம் இல்லை

ஓய்வில்லாத உழைப்பும் போதாத உணவும் கொட்னிஸின் உடலை உருக்கின. வலிப்பு நோய் அவரைப் பிடித்தது. ஒருமுறை வந்தது மீண்டும் மீண்டும் வரத் தொடங்கியது. போர்முனையை விட்டு வேறிடம் சென்று சிகிச்சை பெறுமாறு உடனிருந்தோர் வற்புறுத்தினர். அவர் பணியை விட்டு நீங்கச் சம்மதிக்கவில்லை. வலிப்பு விட்ட நேரங்களில் பாடம் நடத்தினார், நூலை எழுதினார், நோயாளிகளைப் பார்த்தார்.

1942 டிசெம்பர் 8ஆம் திகதி இரவு வலிப்புத் தொடர்ந்து வந்தது. மறுநாள் 9ஆம் திகதி, ஹெபெய் மாகாணத்தின் டாங் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. மகனுக்கு மூன்றரை மாதம். இரண்டாவது நூல் பாதியில் நின்றது.

வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரும்போது மூச்சுத் தடைப்படும். மூளைக்கு ஒட்சிசன் குறையும். இதயமும் களைத்துப் போகும். இன்று இப்படிப்பட்ட ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், நாளத்தின் வழியே மருந்து செலுத்தி வலிப்பை அடக்குவார்கள். மருந்தால் மூச்சு மந்தமானால் தொண்டைக்குள் குழாய் செலுத்தி, வென்ரிலேற்றர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைப்பார்கள். இதயத்துடிப்பு, குருதியமுக்கம், ஒட்சிசன் அளவு எல்லாம் இடைவிடாது திரையில் தெரியும். இப்படிச் செய்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பிழைக்க ஒரு வழி உண்டு. நூற்றுக்கணக்கானோருக்கு அந்த வழியைத் தேடிக் கொடுத்தவருக்கு, தம் முறை வந்தபோது அது கிடைக்கவில்லை. அப்படியொரு சிகிச்சைப் பிரிவே அன்று உலகில் உருவாகியிருக்கவில்லை.

கையிலிருந்து இயந்திரத்துக்கு

கொட்னிஸ் இறந்து பத்து ஆண்டுகளின் பின், 1952இல், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ நோய் பெருந்தொற்றாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் இறந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். இயந்திரங்கள் போதவில்லை. ஆகவே ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினார்கள். கை ஓய்ந்தால் உயிர் ஓயும். இறப்பவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான். அந்தக் கைகள் செய்த வேலையை ஏற்றுச் செய்யும் இயந்திரங்கள் அதன்பின் விரைவாக வளர்ந்தன. கொவிட் காலத்தில் வென்ரிலேற்றர் என்ற சொல்லை நம் வீட்டுக் குழந்தைகளும் கற்றுக்கொண்டனர்.

இப்போது அந்த இயந்திரங்கள் கட்டிலருகே இருந்து காயம்பட்டவரிடமே போகத் தொடங்கியுள்ளன. சுவாசக் கருவி, ஒட்சிசன், மருந்து செலுத்தும் பம்பு, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, கண்காணிப்புத் திரை ஆகிய எல்லாவற்றையும் ஒரே தூக்குப் படுக்கையில் பொருத்தி, 1990களில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கினார்கள். பெத்தியூனின் கழுதைச் சட்டகத்துக்குப் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

ஆய்வாளர்களின் அடுத்த முயற்சி, இந்தக் கருவிகள் தாமாகவே முடிவெடுத்துச் செயற்படச் செய்வது. விரலில் மாட்டிய உணர்கருவி ஒட்சிசன் குறைவதைக் கண்டால், சுவாசக் கருவி தானே ஒட்சிசனைக் கூட்டும். குருதியமுக்கம் இறங்கினால், பம்பு தானே திரவத்தின் அளவை மாற்றும். அளப்பது, கணிப்பது, திருத்துவது, மீண்டும் அளப்பது என்று வட்டமாக வேலை நடக்கும். ஒரு வைத்தியருக்கு ஐம்பது காயக்காரர் என்ற நிலை வரும் போர்முனையிலும் அனர்த்தத்திலும் இதன் பயன் மிகப் பெரிது. கொட்னிஸ் விழித்திருந்து பார்த்த 72 மணி நேரத்தையும் இது சோராமல் பார்க்கும்.

ஆனால் இயந்திரத்துக்கும் குறைகள் உண்டு. விரல் குளிர்ந்தால் உணர்கருவி பிழையான அளவைக் காட்டும். மின்கலம் தீரும். குழாய் மடங்கும். காட்டும் இலக்கம் உண்மையா, பிழையா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும். யாருக்கு முதலில் சிகிச்சை என்ற கடினமான முடிவை எடுக்கவும், எடுத்த பின் அதற்குப் பொறுப்பேற்கவும் மனிதர் வேண்டும். அஞ்சி நடுங்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளவும் மனிதர் வேண்டும். 2004 டிசெம்பர் 26 சுனாமியின்போது நமது கரையோரங்களில் நடந்ததை மூத்தவர்கள் அறிவர். வீதிகள் அழிந்தன; கரையோர வைத்தியசாலைகளையும் கடல் விடவில்லை. முதலில் கைகொடுத்தவர்கள் அயலவர்களே.

எஞ்சியவர்கள்

கொட்னிஸின் கதை அவருடைய மரணத்தோடு முடியவில்லை. காஜா அகமது அப்பாஸ் என்ற எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அதைத் தழுவி வீ. சாந்தாராம் 1946இல் திரைப்படம் எடுத்தார். சீனாவில் ஷிஜியாசுவாங் நகரிலுள்ள தியாகிகள் நினைவிடத்தில் கொட்னிஸின் கல்லறை இருக்கிறது. பெத்தியூனும் அங்கேதான் உறங்குகிறார். சோலாப்பூரில் அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது.

மகன் யின்ஹுவா தந்தையின் வழியில் மருத்துவம் படித்தார். படிப்பு முடியும் தறுவாயில், 1967இல், 24 வயதில் அவரும் இறந்துபோனார். கணவரையும் மகனையும் இளவயதிலேயே இழந்த குவோ சிங்லான் நெடுங்காலம் வாழ்ந்தார். பலமுறை இந்தியாவுக்கு வந்து கணவரின் உறவினரைக் கண்டார். 2012இல் அவர் மறையும்வரை இரு நாட்டாரும் அவரை மதிப்போடு போற்றினர். வரலாறு கொட்னிஸின் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறது. அந்த மலைக் கிராமத்தில் தாதியரைப் பயிற்றிய இந்தப் பெண்ணின் பெயரையும் நம் மாணவியர் நினைவில் வைக்க வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து வைத்தியர் அடுத்த மேசைக்குப் போன பின், காயக்காரரின் அருகே இருந்தவர்கள் அவரிடம் பயின்றவர்கள்தாம்.

மீண்டும் இறங்குதுறைக்கு

இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. தீவுகளில் வைத்தியசாலைகள் உள்ளன. முன்பு இருந்ததைவிட நிலைமை எவ்வளவோ மேல். என்றாலும் கடல் கடலாகத்தான் இருக்கிறது. தூரம் தூரமாகத்தான் இருக்கிறது. நாளை ஒருநாள், படகிலேயே நோயாளியின் மூச்சையும் நாடியையும் தானே கவனித்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் வைத்தியருக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் குறிகட்டுவானுக்கும் வரக்கூடும். அவை வர வேண்டும். போர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை சமாதான காலத்துத் தீவுகளுக்குப் பயன்படுவதைவிட நல்ல முடிவு அவற்றுக்கு வேறில்லை.

அந்தக் கருவியை இயக்கப் பழகியவர், அது பழுதானால் தம் கைகளால் பையை அழுத்தத் தெரிந்தவர், அலையடிக்கும் படகில் நோயாளியோடு ஏறச் சம்மதிப்பவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் வைத்தியராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம், கருவியைத் திருத்தும் பொறியியலாளராகவும் இருக்கலாம். இந்தச் சஞ்சிகையை இப்போது கையில் வைத்திருக்கும் மாணவி ஒருவராகவும் இருக்கலாம்.

மகள் ஒருநாள் தாதியர் பயிற்சிக்கோ, தொலைவிலுள்ள வைத்தியசாலைப் பணிக்கோ போக விரும்புவதாகச் சொன்னால், பெற்றோர் மனம் தயங்குவது இயல்பு. சோலாப்பூரிலும் ஒரு வீடு அப்படித்தான் தயங்கியிருக்கும். எனினும் அந்த வீடு தன் பிள்ளையை அனுப்பியது. மலைகளுக்கு அப்பால், அவர்கள் ஒருபோதும் காணாத பல வீடுகளுக்கு அதனால் பிள்ளைகள் உயிரோடு திரும்பி வந்தார்கள்.